தெரிவு தேர்வாகிவிடும்போது

கேள்வி: நான் நான்கு குறும்படங்கள் இயக்கியிருக்கிறேன். முதன்முறையாக, பார்வையாளரே கதையின் போக்கைத் தீர்மானிக்கும் 26 நிமிட ஊடாட்டத் திரைப்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறேன். இறந்துபோன தந்தையின் அறையை ஒழுங்குபடுத்த வரும் மகள், அவர் வேறொரு பெண்ணுக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடிதம் ஒன்றைக் கண்டெடுக்கிறாள். தாய் அடுத்த அறையில் இருக்கிறார். படத்தில் 11 இடங்களில் காட்சி உறைந்து நிற்க, இரண்டு பொத்தான்கள் தோன்றும். 10 நொடிக்கு டிக்டிக் ஒலியோடு கவுண்ட்டவுன் ஓடும். 15 பேருக்குப் போட்டுக் காட்டினேன். நடிப்பையும் ஒளிப்பதிவையும் பாராட்டினார்கள். ஆனால் பலர் கதையோடு ஒன்ற முடியவில்லை என்றார்கள். தேர்வு எழுதியதுபோல இருந்தது என்றார் ஒருவர். மூன்று முறை பார்த்த இன்னொருவருக்கு மகளின் பெயர் நினைவில் இல்லை. தெரிவுகளைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? கவுண்ட்டவுனை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? பார்வையாளரைக் கதைக்குள்ளேயே வைத்திருக்க வேறு என்ன செய்வது?

பதில்: அன்புள்ள இயக்குநருக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த திரைக்கதையையும் கிளை வரைபடத்தையும் இரண்டு முறை படித்தேன். தேர்வு எழுதியதுபோல இருந்தது என்று சொன்ன அந்தப் பார்வையாளருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். பரீட்சைக்கும் விரும்பியதை எடுத்துக்கொள்வதற்கும் நாம் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். உங்கள் படத்தில் முதல் பொருள் இரண்டாவது பொருளை விழுங்கிவிட்டது என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார். குழப்பம் வராமலிருக்க, பார்வையாளர் செய்வதைத் 'தெரிவு' என்றே இந்தப் பதில் முழுவதும் எழுதுகிறேன்.

எத்தனை தெரிவுகள் என்பதை நீங்கள் முதலில் கேட்கிறீர்கள். எண்ணிக்கை பின்னால் வரட்டும். ஒவ்வொரு தெரிவின்போதும் உங்கள் படம் கதையை நிறுத்திவிட்டு, திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மனிதரை நேராகப் பார்த்து, "இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்கிறது. அதுவரை அந்த மகளின் கைகளோடு சேர்ந்து அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தவர் அந்தக் கணத்தில் தன் நாற்காலிக்குத் திரும்பி, 'எதைத் தொட்டால் படம் நன்றாக இருக்கும்?' என்று கணக்குப் போடத் தொடங்குகிறார். பொத்தானைத் தொட்ட பிறகு அவரை மீண்டும் கதைக்குள் கொண்டுவர, என் அனுபவத்தில், அரை நிமிடமாவது பிடிக்கும். 26 நிமிடத்தில் 11 முறை வெளியே தள்ளப்பட்டவருக்கு மகளின் பெயர் நினைவில்லாததில் வியப்பில்லை.

வாசகர் ஒரு கதைக்குள் முற்றிலும் ஆழ்ந்துபோகும் நிலையை, மெலனி கிரீன், திமதி பிராக் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் ஒரு பயணமாகவே வர்ணித்தார்கள்: கவனம், உணர்ச்சி, மனக்காட்சி மூன்றும் ஒரே திசையில் குவிந்து, படிப்பவர் தான் இருக்கும் இடத்தை மறந்து கதை நடக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார். ஊடாட்டப் படத்தை வடிவமைப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. பயணம் செய்பவரிடம் வழி கேட்கலாம். வண்டியை விட்டு இறங்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. தெரிவு என்பது பார்வையாளர் கதைக்குள் இருந்தபடியே செய்யும் ஒரு காரியமாக இருக்க வேண்டும். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளம்புபவைதான்.

நிறுத்திக் கேட்பதே எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. 1967-இல் மான்ட்ரியால் உலகக் கண்காட்சியின் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ராதூஸ் சிஞ்செரா உருவாக்கிய கினோஆட்டோமாட் என்ற படம் காட்டப்பட்டது. 127 இருக்கைகள் கொண்ட அரங்கம். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். கதை ஒரு சிக்கலுக்கு வந்ததும் படம் நிற்கும். நெறியாளர் ஒருவர் நேரில் மேடையில் தோன்றி அவையோரிடம் வாக்குக் கேட்பார். பெரும்பான்மை சொன்ன வழியில் படம் தொடரும். அது ரசிக்கப்பட்டதற்குக் காரணம் அது நகைச்சுவைப் படமாக இருந்ததுதான். நிறுத்துவதும், மேடைக்கு வருவதும், பக்கத்து இருக்கைக்காரரோடு வாக்குவாதம் செய்வதும் அந்த வேடிக்கையின் பகுதியாகவே எழுதப்பட்டிருந்தன. உங்கள் படமோ துக்க வீட்டில் நடக்கிறது. துக்க வீட்டில் நடுக்கூடத்தில் நின்று வாக்கெடுப்பு நடத்த முடியாது.

அடுத்து, உங்கள் திரைக்கதையில் எங்கும் விடை கிடைக்காத ஒரு கேள்வியை நான் உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது: உங்கள் படத்தில் பார்வையாளர் யார்? முதல் தெரிவில் மகளாக இருந்து எந்த அலமாரியைத் திறப்பது என்று முடிவு செய்கிறார். நான்காவதில் தாயாக மாறி, மகளின் அறைக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார். ஏழாவதில் கதாசிரியராகி, மின்சாரம் போகலாமா என்றே முடிவு செய்கிறார். கடிதத்தில் எழுதியிருப்பது தாய்க்குத் தெரியாமலிருக்க வேண்டும் என்பதில்தான் உங்கள் கதையின் பதற்றம் முழுவதும் இருக்கிறது. அதே தாயின் இடத்தில் பார்வையாளரை உட்காரவைத்து முடிவெடுக்கச் சொன்னால், அவருக்குத் தெரிந்திருப்பதைத் தெரியாததுபோல அவர் பாசாங்கு செய்ய வேண்டியிருக்கும். பாசாங்கு செய்துகொண்டே ஒன்றிப்போக யாராலும் முடியாது. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அது மகளாகவே இருக்கட்டும். அவளுக்குத் தெரிந்தது மட்டுமே பார்வையாளருக்கும் தெரியட்டும். அவள் கைக்கு எட்டுவதை மட்டுமே பார்வையாளரும் மாற்றட்டும். தாயின் நான்காவது தெரிவும் மின்சாரத் தெரிவும் இதனாலேயே விழுந்துவிடுகின்றன.

இனி, படத்தின் உயிர்நாடியான கடிதக் காட்சிக்கு வருகிறேன். உங்கள் திரைக்கதைப்படி மகள் உறையைக் கையில் எடுக்கிறாள், பெயரைப் படிக்கிறாள், காட்சி உறைகிறது, 'கடிதத்தைப் படிக்கவும்', 'படிக்க வேண்டாம்' என்று இரு பொத்தான்கள் வருகின்றன. இதில் உண்மையான தெரிவு எதுவுமே இல்லை. கடிதத்தைப் படிக்காவிட்டால் கதை நகராது என்பது வாழ்நாளில் பத்துப் படம் பார்த்த எவருக்கும் தெரியும். ஆகவே அவர்கள் மகளுக்காகப் படிப்பதில்லை, படம் ஓட வேண்டும் என்பதற்காகப் படிக்கிறார்கள். 'செய்', 'செய்யாதே' என்ற வடிவில் எழுதப்படும் தெரிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிணமாகப் பிறக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரு செயல் இருக்க வேண்டும். இரண்டையுமே மகள் விரும்ப வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றொன்று அவளுக்கு வலிக்க வேண்டும்.

அந்தக் காட்சியை நான் எழுதியிருந்தால் இப்படி அமைத்திருப்பேன். அவள் கடிதத்தைப் படித்துவிடட்டும், அதைக் கேட்காதீர்கள். முதல் நான்கு வரிகளை நாமும் அவளோடு படிக்கிறோம். அடுத்த அறையில் நாற்காலி நகரும் ஓசை, தாயின் காலடி. வாசலில் நின்று, ஈரக் கையைத் துடைத்தபடி அவர் கேட்கிறார்: "என்னம்மா, ஏதாவது கிடைச்சுதா?" மகள் நிமிர்கிறாள், வாய் திறக்கிறாள். அந்த நொடியில், அவள் முகத்தை மறைக்காத இடத்தில், இரண்டு சிறு சொற்கள் எழுகின்றன: 'காட்டு', 'மறை'. படம் நிற்கவில்லை. தாய் வாசலில் காத்திருக்கிறார். துடைத்த கையையே மீண்டும் துடைக்கிறார். அவர் பார்வை மகளின் முகத்திலிருந்து மெல்ல அவள் கைக்கு இறங்குகிறது. கவுண்ட்டவுன் தேவைப்படவில்லை. அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் நிற்பதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம்தான் பார்வையாளருக்கும் இருக்கிறது. அவர் எதையும் தொடாவிட்டால்? மௌனமே பதிலாகட்டும். தாய் உறையின் மூலையைப் பார்த்துவிடுகிறார். எதுவும் கேட்காமல் திரும்பிப் போகிறார். இந்த மூன்றாவது கிளையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உங்கள் இப்போதைய படத்தில் நேரம் முடிந்தால் கணினி இடப்பக்கப் பொத்தானைத் தானாக அழுத்திக்கொள்கிறது. அதாவது பார்வையாளரின் தயக்கத்துக்கு உங்கள் கதையில் பொருளே இல்லை. தயங்குவதும் மனிதர்கள் செய்யும் ஒரு காரியம்தான்.

கவுண்ட்டவுனை எடுத்துவிடலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எடுத்துவிட்டு, காலவரையறை இல்லாமல் படத்தை உறையவைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பதற்றம் மொத்தமாக வடிந்துவிடும், பார்வையாளர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். நேரக் கட்டுப்பாடு வேண்டும்; ஆனால் அதைக் காட்சிக்குள் இருக்கும் ஒன்று சுமக்க வேண்டும்: நெருங்கும் காலடி, அடித்து ஓயப்போகும் தொலைபேசி, அணையப்போகும் தீக்குச்சி. 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட பேண்டர்ஸ்நாட்ச் படத்தில் தெரிவுக்கு 10 நொடி கொடுத்தார்கள். ஒரு கோடு சுருங்கிக்கொண்டே வந்து நேரத்தைக் காட்டியது. அப்போதும் பின்னால் காட்சி நடந்துகொண்டே இருந்தது, தொடாவிட்டால் படம் தானாகவே ஒரு வழியில் போயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த லேட் ஷிஃப்ட் என்ற படமும் தெரிவுக்காக எங்கும் நிற்பதில்லை. உங்களுடைய டிக்டிக் ஒலியை மட்டும் எந்த நிலையிலும் வைத்துக்கொள்ள வேண்டாம். அது வினாடி வினா நிகழ்ச்சியின் ஒலி. காதில் விழுந்தவுடன் மனம் சரியான விடையைத் தேடத் தொடங்கிவிடும்.

பொத்தானில் எழுதும் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல இயக்குநர்களே அலட்சியமாக இருக்கிறார்கள். உங்கள் எட்டாவது தெரிவில் 'தாயிடம் பேசு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் மகள் தாயைப் பார்த்துக் கத்துகிறாள். பார்வையாளர் ஆறுதலாகப் பேச நினைத்துத் தொட்டிருப்பார். கத்தல் வந்தவுடன், 'இதை நான் செய்யவில்லை' என்று அவர் மகளிடமிருந்து விலகிக்கொள்வார். செயல் பொத்தான் சொன்னபடியே நடக்க வேண்டும். விளைவு மட்டும் அவர் எதிர்பாராததாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். சொல் ஒன்றோ இரண்டோ போதும். நீளமான வாக்கியம் எழுதினால் கண் முகத்தை விட்டு எழுத்துக்குப் போய்விடுகிறது, நடிகை அந்தச் சில நொடிகளில் செய்வதெல்லாம் வீணாகிறது.

எண்ணிக்கைக்கு இப்போது வரலாம். இரண்டிரண்டாகக் கிளைத்துக்கொண்டே போனால் 11 தெரிவுகளின் முடிவில் 2,048 முடிவுகளும், மொத்தம் 4,095 காட்சித் துண்டுகளும் வேண்டும். யாராலும் எடுக்க முடியாது. ஆகவே எல்லோரும் செய்வதைப்போல் நீங்களும் ஒவ்வொரு கிளையையும் அடுத்த காட்சியிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள். சேர்ப்பதில் குற்றமில்லை, கினோஆட்டோமாட்டிலேயே எப்படி வாக்களித்தாலும் இரு வழிகளும் மீண்டும் சந்திக்கும்படிதான் கதை கட்டப்பட்டிருந்தது. ஆனால் உங்கள் படத்தில் சேர்ந்த கிளைகள் தடயமே இல்லாமல் கரைந்துவிடுகின்றன. எந்தப் பொத்தானைத் தொட்டவருக்கும் அடுத்த காட்சியில் ஒரே தாய், ஒரே வசனம், ஒரே புன்னகை. மூன்றாவது முறை இப்படி நடந்ததும் பார்வையாளர், 'நான் எதைத் தொட்டாலும் ஒன்றுதான்' என்று புரிந்துகொள்கிறார். அதற்குப் பிறகு அவர் பொத்தானை அழுத்துவது மரியாதைக்காக மட்டுமே.

இதற்கு மாற்று, கிளைகளைக் கூட்டுவதல்ல, படத்துக்கு ஞாபகசக்தி கொடுப்பது. இரண்டே இரண்டு விஷயங்களை உங்கள் படம் நினைவில் வைத்திருந்தால் போதும்: மகள் தாயிடம் மறைத்தாளா, கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தாளா. இரவில் விளக்கணைக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான காட்சி. மறைத்திருந்தால், தாய் விளக்கை அணைக்கக் கையை உயர்த்தியவர் ஒரு கணம் நின்று, "அலமாரிச் சாவிய எடுத்த இடத்துலயே வச்சிரு" என்கிறார். காட்டியிருந்தால் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ஒரே செட், ஒரே ஒளியமைப்பு, ஒரே கேமரா கோணம், இரண்டு டேக். செலவு ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஆனால் பத்து நிமிடத்துக்கு முன்பு தான் செய்த ஒன்று அந்தத் தாயின் மனதில் இன்னும் கிடக்கிறது என்று பார்வையாளர் உணரும்போது அவர் முதுகு நிமிரும். கதை தன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்ற அந்த உணர்வுக்கு, பெரிய கிளைகள் எதுவும் ஈடாவதில்லை என்பது என் கருத்து.

ஆகவே, 11 தெரிவுகளை ஐந்தாகக் குறையுங்கள். எந்த அலமாரி, ஜன்னலைச் சாத்தலாமா, தொலைபேசியை எடுக்கலாமா ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும், படத்தின் முதல் இரண்டு நிமிடத்துக்குள், வைத்துக்கொள்ளலாம். அது பார்வையாளருக்கு விரல் பழகுவதற்கான தெரிவு. தவறு என்று ஒன்று அதில் இல்லாததால் அவர் பயமில்லாமல் தொடுவார். பேண்டர்ஸ்நாட்ச்சிலும் முதல் தெரிவு காலையில் எந்த வகைச் சிற்றுண்டி என்பதுதான். ஆனால் தேர்ந்தெடுத்த வகை பின்னால் தொலைக்காட்சி விளம்பரமாக வந்து எட்டிப் பார்க்கிறது. உங்கள் ஜன்னலையும் அப்படிச் செய்யலாம்: திறந்து விட்டிருந்தால், பிற்பாடு மழைச்சாரலில் கடிதத்தின் மை கலங்கியிருக்கட்டும். மீதி நான்கு தெரிவுகளும் கடிதத்தையும் தாயையும் மட்டுமே சுற்றி வர வேண்டும்.

தொழில்நுட்பத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல திரைக்கதையையும் ஒரு மோசமான தையல் கெடுத்துவிடும். என்னுடைய ஆரம்பகாலப் படம் ஒன்றில், தெரிவுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு நான்கு நொடிக் காட்சியொன்றைத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக வைத்திருந்தேன். முகம் அசையாமல் இருந்ததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பின்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நான்கு நொடிக்கு ஒருமுறை அதன் நொடிமுள் பின்னோக்கிக் குதித்தது. முதல் காட்சியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் வாழ்வா சாவா என்று நின்றது யார் கண்ணிலும் படவில்லை. அன்றிலிருந்து நான் காத்திருப்பை லூப் செய்வதில்லை. காத்திருப்பையே ஒரு ஷாட்டாக, தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள நடிப்பாக, முழு நீளத்துக்கும் எடுக்கிறேன். நடிகையிடம் "சும்மா நில்லுங்கள்" என்று சொல்லாதீர்கள். சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விடும் எட்டு நொடியை நடிக்கச் சொல்லுங்கள்.

படம் அடுத்த துண்டுக்குத் தாவும்போது திரை ஒரு கணம் கறுப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, தொட்ட பிறகுதான் உங்கள் பிளேயர் அடுத்த கோப்பைத் தேடிப் போகிறது; தெரிவு திரையில் தோன்றும் முன்பே இரு கிளைகளின் முதல் சில நொடிகளையும் இறக்கித் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, சுருக்கப்பட்ட வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படம் அல்ல. குறிப்பிட்ட இடைவெளியில் வரும் கீஃப்ரேம் மட்டுமே முழுமையானது, இடைப்பட்டவை அதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள்தான். தாவிச் சேரும் இடம் கீஃப்ரேமாக இல்லாவிட்டால் பிளேயர் தடுமாறும். ஒவ்வொரு துண்டும் கீஃப்ரேமில் தொடங்கும்படி ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். விரல் தொட்டதற்கும் திரையில் ஏதோ அசைந்ததற்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்கு கடந்தால் மனம் அதைத் தாமதம் என்று உணரத் தொடங்கும், ஒரு நொடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் அறுபடும் என்பது கணினி இடைமுகம் வடிவமைப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் அளவுகோல். ஆகவே தொட்டவுடன் மகளின் கண்ணாவது அசையட்டும்.

ஒலியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உங்கள் கோப்புகளில் பின்னணி ஒலி ஒவ்வொரு வீடியோத் துண்டுக்குள்ளும் பதிந்திருப்பதால், தாவும் இடத்தில் மழைச்சத்தம் அறுந்து மீண்டும் தொடங்குகிறது. கண் ஒரு வெட்டை மன்னித்துவிடும். நூறாண்டுக்கும் மேலாகத் திரைப்படம் பார்த்து அதற்குப் பழக்கம் உண்டு. காது மன்னிக்காது. மழை, அறையின் இரைச்சல், இசை ஆகியவற்றைத் தனித் தடத்தில், எந்தக் கிளைக்குப் போனாலும் அறுபடாமல் ஓடும்படி வைத்துவிட்டு, வசனத்தையும் அசைவொலிகளையும் மட்டும் துண்டுகளோடு விடுங்கள். உங்கள் ஒலியமைப்பாளர் முதலில் முணுமுணுப்பார். பிறகு இதுதான் படத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று அவரே சொல்வார்.

உங்கள் படத்தின் ஒன்பதாவது தெரிவில், கடிதத்தை எரித்தால் 'கதை முடிந்தது, மீண்டும் முயலவும்' என்று ஒரு பலகை வருகிறது. அதை இன்றே எடுத்துவிடுங்கள். எரிப்பது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? எரித்த மகளுக்கும் ஒரு மறுநாள் உண்டு. அந்த மறுநாளைக் காட்டுங்கள். நேரமில்லை, பணமில்லை என்றால் எரிக்கும் தெரிவையே கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டுத் தண்டிப்பதுதான் பரீட்சை. முடிவில் எத்தனை சதவீதம் பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்டும் பட்டியலும் அதே இனம்தான். மறுபடி பார்க்க விரும்புபவர் தானாகவே பார்ப்பார். முதல் முறை பார்ப்பவருக்கு அவர் நடந்த வழிதான் கதை, நடக்காத வழிகள் இருந்தன என்று அப்போதே நினைவூட்ட வேண்டியதில்லை.

அடுத்த முறை போட்டுக் காட்டும்போது, பிடித்ததா, ஒன்ற முடிந்ததா என்று கேட்காதீர்கள். நடந்த கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது எழுவாயை மட்டும் கவனியுங்கள். "கடிதத்தை மறைத்துவிட்டேன், அம்மாவைப் பார்க்கவே முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் உள்ளே இருந்திருக்கிறார். "அவள் மறைத்துவிட்டாள்" என்றால் வழக்கமான திரைப்படம் பார்ப்பதைப்போல் பார்த்திருக்கிறார், அதிலும் மோசமில்லை. "மறைக்கிற ஆப்ஷனை எடுத்தேன்" என்றால் அந்த இடத்தில் படம் அவரை வெளியே தள்ளியிருக்கிறது. எந்தக் காட்சியில் எழுவாய் மாறுகிறதோ அந்தக் காட்சிதான் திருத்தப்பட வேண்டியது. பல ஆண்டுகளாக நான் நம்பிக் கையாளும் சோதனை இதுதான். இதற்குக் கருவியும் வேண்டாம், படிவமும் வேண்டாம்.

படம் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். திரைக்கதையைப் பார்த்தவரை, நீக்க வேண்டியவை தொகுப்பு மேசையிலேயே நீங்கிவிடும். புதிதாக எடுக்க வேண்டியவை நான்கு: வாசலில் தாய் காத்திருக்கும் ஷாட், மௌனத்துக்கான மூன்றாவது கிளை, விளக்கணைக்கும் காட்சியின் இரண்டு டேக், மை கலங்கிய கடிதத்தின் அண்மைக் காட்சி. அதற்கும் முன்னால், வாசல் காட்சியை மட்டும் கைப்பேசியிலேயே எடுத்து, படத்தை இதுவரை பார்க்காத மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். பொத்தான்கூட வேண்டாம், தாய் "ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டதும் நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருங்கள். அவர்களில் ஒருவராவது உங்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே "ஒண்ணுமில்லம்மா" என்று முணுமுணுத்தால், படப்பிடிப்புக்கு நாள் குறிக்கலாம்.